நீலச் சீட்டைத் திருத்தும் உரிமை பிறந்த கதை

1944 ஜூன் 22 அன்று அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்குக் கல்லூரிப் படிப்பு, வீட்டுக் கடனுக்கு அரசின் உத்தரவாதம், வேலை கிடைக்காதவர்களுக்கு வாரம் 20 டாலர் வீதம் 52 வாரம் வரை உதவித்தொகை. ஜிஐ பில் என்று பேர் பெற்ற இந்தச் சட்டம் அந்த நாட்டின் நடுத்தர வர்க்கத்தையே உருவாக்கியது என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அதே சட்டத்தில் 301 என்று எண்ணிட்ட ஒரு பிரிவும் இருந்தது. ராணுவம் தனக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் சரியில்லை என்று நினைக்கும் வீரர், அதை ஒரு குழுவின் முன் வைத்து மாற்றித் தரக் கேட்கலாம் என்றது அந்தப் பிரிவு. படிப்பையும் வீட்டையும் பற்றி ஊரெல்லாம் பேசியது. 301ஆம் பிரிவைப் பற்றிப் பேசியவர்கள் சொற்பம். ஆனால் அதற்காகக் காத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

எதற்காகக் காத்திருந்தார்கள் என்று தெரிய, டிஸ்சார்ஜ் என்ற காகிதத்தின் பலத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். படையை விட்டு வெளியே வருபவருக்கு ராணுவம் ஒரு சான்று தரும். அவர் எப்படிப் பணியாற்றினார், எந்தக் காரணத்துக்காக அனுப்பப்பட்டார் என்று அதில் இருக்கும். வேலைக்குப் போனால் அதைக் காட்டச் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கடன் கேட்டாலும் அப்படியே. இறந்தபின் ராணுவ மயானத்தில் இடம் கேட்டாலும் அந்தக் காகிதம் வேண்டும்.

ராணுவத்தில் ஒருவர் திருடினார், ஓடிப்போனார் என்று குற்றம் சாட்டினால் அதற்கு கோர்ட் மார்ஷல் இருக்கிறது. அங்கே சாட்சி உண்டு, வாதம் உண்டு, தீர்ப்பு உண்டு, அதை மேலே கொண்டுபோக வழியும் உண்டு. ஆனால் இவர் படைக்குச் சரிப்படமாட்டார் என்று மேலதிகாரி எழுதி அனுப்பிவிட்டால், அங்கே தீர்ப்பு என்ற ஒன்றே கிடையாது. தீர்ப்பு இல்லாததால் மேல்முறையீடும் கிடையாது. தண்டனை மட்டும் ஆயுள் முழுக்க நிற்கும். டிஸ்சார்ஜைத் திருத்தக் கேட்கும் உரிமை இந்தப் பள்ளத்திலிருந்து பிறந்தது.

பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதை 1906இல் நாடே பார்த்தது. டெக்சஸ் மாநிலத்தின் தென்கோடியில் பிரவுன்ஸ்வில் என்று ஓர் ஊர். அதை ஒட்டிய கோட்டைக்கு அந்த ஆண்டு கோடையில் 25ஆம் காலாட்படையைச் சேர்ந்த கறுப்பின வீரர்கள் வந்து இறங்கினார்கள். ஊருக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. ஆகஸ்ட் 13 நள்ளிரவை ஒட்டித் தெருவில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மதுக்கடை ஊழியர் ஒருவர் இறந்தார், போலீஸ் அதிகாரி ஒருவர் காயப்பட்டார். கறுப்புச் சிப்பாய்கள்தான் சுட்டார்கள் என்று ஊரார் சொன்னார்கள். வீரர்கள் அந்த நேரத்தில் முகாமில் இருந்தார்கள் என்று அவர்களுடைய வெள்ளை அதிகாரிகளே சொன்னார்கள். யார் சுட்டது என்று எந்த வீரரும் ஒப்புக்கொள்ளவில்லை, யாரையும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. எல்லாரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டிய அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், மூன்று கம்பெனிகளைச் சேர்ந்த 167 பேரை நவம்பர் மாதம் மொத்தமாக வெளியேற்றினார். ஒருவர்மீதும் வழக்கு நடக்கவில்லை. அவர்கள் கையில் கிடைத்த காகிதத்துக்கு அன்றைய பெயர் 'மதிப்பில்லா டிஸ்சார்ஜ்'. சார்ஜென்ட் மிங்கோ சாண்டர்ஸ் போல 26 ஆண்டு பணியாற்றி, ஓய்வூதியத்துக்குக் கிட்டத்தில் வந்துவிட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

ஒஹாயோவைச் சேர்ந்த செனட்டர் ஜோசஃப் ஃபோரேக்கர், தன் கட்சி அதிபரையே எதிர்த்து அவர்களுக்காகப் போராடினார். செனட் விசாரணை நடந்தது. பெரும்பான்மை அதிபர் பக்கம் நின்றது. பின்னர் அமைத்த ராணுவ விசாரணைக் குழு 1910இல் 14 பேரை மட்டும் மீண்டும் சேரலாம் என்றது. எந்த அடிப்படையில் அந்த 14 பேர், ஏன் மற்றவர்கள் இல்லை என்பதற்கு விளக்கம் தரவில்லை.

வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவர் டார்சி வில்லிஸ். இருபது வயது இளைஞர். அவர் மினியாபொலிஸ் நகரத்துக்குப் போய், ஒரு முடிதிருத்தும் கடையில் ஷூவுக்குப் பாலிஷ் போடும் வேலையில் சேர்ந்தார். அந்த வேலையை 59 ஆண்டுகள் செய்தார். ஜான் வீவர் என்ற எழுத்தாளர் பழைய ஆவணங்களைக் கிளறி 1970இல் புத்தகம் போட்டார். அதைப் படித்த கலிஃபோர்னியா காங்கிரஸ் உறுப்பினர் அகஸ்டஸ் ஹாக்கின்ஸ் மசோதா கொண்டுவந்தார். 1972 செப்டம்பரில் ராணுவம் தன் உத்தரவை மாற்றி, 167 பேருக்கும் கௌரவ டிஸ்சார்ஜ் என்று அறிவித்தது. 1973 பிப்ரவரி 11 அன்று, வில்லிஸின் 87ஆம் பிறந்தநாளில், மினியாபொலிஸ் சயான் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஒரு மேஜர் ஜெனரல் நேரில் வந்து சான்றிதழைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு 25,000 டாலர் ஈட்டுத்தொகையும் கிடைத்தது. மீதிப் பேரில் பெரும்பாலோர் அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

1944க்கு முன்பு ஒரு வீரர் தன் பெயரைத் துடைக்க என்ன செய்தார்? காங்கிரஸ் உறுப்பினர் யாரையாவது பிடிப்பார். அவர் மனமிரங்கினால் அந்த ஒரே ஆளுக்காக ஒரு தனி மசோதா கொண்டுவருவார். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு இப்படிப்பட்ட மசோதாக்கள் காங்கிரஸில் வந்து குவிந்தன. காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தவரை ஓடிப்போனவர் என்று பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். ஓய்வூதியம் கேட்கப் போகும்போதுதான் அவருக்கே அது தெரியும். அந்த ஒரு வரியை அழிக்க நாடாளுமன்றமே கூட வேண்டியிருந்தது. ஆள்பலம் உள்ளவருக்கு மசோதா கிடைத்தது. இல்லாதவருக்கு அந்த வரி அப்படியே நின்றது.

ஹென்றி ஃபிளிப்பர் இந்த வழியில் நடந்து நடந்து ஓய்ந்தவர். ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1877இல் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். டெக்சஸில் ஃபோர்ட் டேவிஸ் கோட்டையில் பணியாற்றியபோது, பொறுப்பில் இருந்த பணம் குறைந்தது என்று அவர்மேல் வழக்கு வந்தது. பணத்தைக் கையாடினார் என்ற குற்றச்சாட்டிலிருந்து கோர்ட் மார்ஷல் அவரை விடுவித்தது. ஆனால் அதிகாரிக்குப் பொருந்தாத நடத்தை என்று சொல்லி 1882இல் பணியைப் பறித்தது. 1898 தொடங்கி அவருக்காக மசோதாக்கள் போடப்பட்டன. ஒன்றும் தேறவில்லை. பொறியாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பேர் எடுத்தார், அரசுத் துறையிலேயே உயர்ந்த பொறுப்பில் இருந்தார். ராணுவப் பதிவேட்டில் மட்டும் கறை போகாமலே 1940இல் இறந்தார்.

இதற்கிடையில் 1916இல் ராணுவம் பழைய 'மதிப்பில்லா டிஸ்சார்ஜ்' என்ற வகையைக் கைவிட்டு, அந்த இடத்தில் புதிய ஒன்றைக் கொண்டுவந்தது. அது கௌரவமானதும் இல்லை, கௌரவமற்றதும் இல்லை என்று சொன்னார்கள். அச்சடித்த தாள் நீல நிறம். சிப்பாய்கள் அதை நீலச் சீட்டு என்றே அழைத்தார்கள். பெயரளவில் நடுநிலையான காகிதம். நடைமுறையில், அதை நீட்டியவரை எந்த முதலாளியும் உள்ளே விடவில்லை. குற்றம் என்னவென்று எழுதாத காகிதம் என்பதால், பார்ப்பவர் தன் மனத்துக்குத் தோன்றிய குற்றத்தை அதில் எழுதிப் படித்துக்கொண்டார்.

இரண்டாம் உலகப் போரில் அந்தச் சீட்டு தாராளமாகக் கிழிபட்டது. 1941 டிசம்பரிலிருந்து 1945 ஜூன் முடிய ராணுவம் கொடுத்த நீலச் சீட்டுகள் 48,603. அவற்றில் 10,806 கறுப்பின வீரர்களுக்குப் போயின. அதாவது 22 சதவீதத்துக்கும் மேல். ராணுவத்தில் அவர்களுடைய பங்கோ ஏறத்தாழ ஆறரை சதவீதம். தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களும் இதே சீட்டோடு அனுப்பப்பட்டார்கள். இந்த எண்களைப் படிக்கும்போது எனக்கு உறைப்பது ஒன்றுதான். தென்மாநில முகாம்களில் பேருந்தின் பின்வரிசையில் உட்கார மறுத்ததற்கும், அதிகாரியை எதிர்த்துப் பேசியதற்கும் கோர்ட் மார்ஷல் வைத்தால் சாட்சி வேண்டும், வழக்கறிஞர் வேண்டும், பத்திரிகையில் வரும். நீலச் சீட்டுக்கு இதில் எதுவும் வேண்டாம்.

ஜிஐ பில்லின் கதைக்கு இப்போது திரும்பலாம். அந்தச் சட்டத்தின் முதல் வரைவை எழுதியவர் அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஹாரி கோல்மெரி. வாஷிங்டனில் மேஃபிளவர் ஓட்டலில் உட்கார்ந்து கையால் எழுதினார். லீஜன் ஒரு விஷயத்தில் உறுதியாக நின்றது. சலுகை பெறக் கௌரவ டிஸ்சார்ஜ் வேண்டும் என்று எழுதினால், சின்னக் காரணத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் எல்லாம் விழுந்துபோவார்கள். அதனால் 'கௌரவமற்ற நிலையில் அல்லாமல்' வெளியே வந்த எல்லாருக்கும் உண்டு என்று வாசகம் அமைந்தது. கடற்படைத் தரப்பில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. ஒழுங்காகப் பணியாற்றியவரையும் மற்றவரையும் ஒரே தட்டில் வைத்தால் படையில் கட்டுப்பாடு குலையும் என்பது அவர்கள் வாதம். மிசோரியைச் சேர்ந்த செனட்டர் பென்னட் கிளார்க், தானே முதல் உலகப் போரில் பங்கெடுத்தவர், அந்த வாதத்தை ஏற்கவில்லை.

சலுகை என்ற ஒன்று வந்த பிறகு டிஸ்சார்ஜ் வெறும் மானப் பிரச்சினையாக இல்லை. படிப்பும் வீடும் மருத்துவமும் அதில் தொங்கின. அப்படிப்பட்ட காகிதத்தை ஒரு கம்பெனி கமாண்டரின் ஒற்றைக் கையெழுத்துக்கு விட்டுவிட முடியாது என்பதை லீஜன் புரிந்துகொண்டது. 301ஆம் பிரிவு அதற்காக வந்தது. ஐந்து பேர் கொண்ட மறுபரிசீலனைக் குழு. வீரர் தானே நேரில் வரலாம், வழக்கறிஞரோடு வரலாம், சங்கத்தின் பிரதிநிதியையும் அழைத்து வரலாம். டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் கேட்க வேண்டும். ஜெனரல் கோர்ட் மார்ஷல் தண்டனையாக வந்த டிஸ்சார்ஜ் மட்டும் இந்தக் குழுவின் கைக்கு எட்டாது. இந்த 15 ஆண்டுக் கணக்கு இன்றுவரை மாறவில்லை.

சட்டம் வந்துவிட்டது, ஆனால் கதவு உடனே திறக்கவில்லை. வாசகம் தாராளமாக இருந்தும், முன்னாள் படைவீரர் நிர்வாகம் நீலச் சீட்டுக்காரர்களைத் திருப்பி அனுப்பியது. தன்பாலின ஈர்ப்புக் காரணமாக அனுப்பப்பட்டவர்களுக்குச் சலுகை இல்லை என்று 1945 ஏப்ரலில் தனி உத்தரவே போட்டது. அப்போது குரல் கொடுத்தது பிட்ஸ்பர்க் கூரியர். நாடெங்கும் கறுப்பின வீடுகளில் படிக்கப்பட்ட வாரப் பத்திரிகை. 1945 அக்டோபரில் அது நீலச் சீட்டுக்கு எதிராக இயக்கமே தொடங்கியது. வெளிநாட்டில் பாசிசத்தை வென்றுவிட்டு வந்தவனை உள்நாட்டில் இப்படியா நடத்துவது என்று கேட்டது. கறுப்பின மக்கள் உரிமைக்கான தேசியச் சங்கமான என்ஏஏசிபி, படைவீரர் விவகாரங்களுக்கென்று வாஷிங்டனில் ஓர் அலுவலகம் திறந்தது. அதை நடத்திய ஜெஸ்ஸி டெட்மன் புதிய குழுக்களின் முன் வழக்கு வழக்காகக் கொண்டுபோய் வாதாடினார்.

1946 ஜனவரியில் பிரதிநிதிகள் சபையின் ராணுவ விவகாரக் குழு நீலச் சீட்டுகளைப் பற்றியே ஓர் அறிக்கை வெளியிட்டது. விசாரணை இல்லாமல் ஒருவரை அரைகுறையாகக் குற்றவாளி ஆக்கும் இந்த முறை இவ்வளவு காலம் எப்படி நீடித்தது என்று அது வியந்தது. முன்னாள் படைவீரர் நிர்வாகத்தைக் கடுமையாகக் கண்டித்தது. 1947இல் நீலச் சீட்டு ஒழிந்தது. அதற்குப் பதில் இரண்டு வகை வந்தன. ஒன்று 'பொது டிஸ்சார்ஜ்', மற்றது 'விரும்பத்தகாத டிஸ்சார்ஜ்'. காகிதத்தின் நிறம் போயிற்று. விசாரணை இல்லாமல் கறை பூசும் அதிகாரம் போகவில்லை.

இரண்டாவது கதவு 1946இல் திறந்தது. அதைத் திறந்தது கருணை இல்லை, வேலைப்பளு. தனி மசோதாக்களால் காங்கிரஸ் திணறிக்கொண்டிருந்தது. தன்னைச் சீர்திருத்திக்கொள்ள அது கொண்டுவந்த சட்டம் ஆகஸ்ட் 2 அன்று கையெழுத்தானது. ராணுவப் பதிவேட்டைத் திருத்தும் தனி மசோதாக்களை இனி எடுத்துக்கொள்வதில்லை என்று அதில் ஒரு பிரிவு தடுத்தது. இன்னொரு பிரிவு, பிழையையோ அநீதியையோ நீக்கச் சிவிலியன் அதிகாரிகளைக் கொண்ட பதிவுத் திருத்த வாரியங்களை அமைக்க அதிகாரம் கொடுத்தது. முதல் குழுவில் உட்காருபவர்கள் சீருடை அணிந்தவர்கள். இரண்டாவதில் சீருடை இல்லாதவர்கள். முதல் குழு கைவிரித்தாலும், 15 ஆண்டு தாண்டிவிட்டாலும், இங்கே வரலாம். பிழை தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு என்று கெடு இருக்கிறது, ஆனால் நீதியின் நலனுக்காக வாரியம் அதைத் தளர்த்தலாம். ஃபிளிப்பர் இறந்து 36 ஆண்டுகள் கழித்து, ஜார்ஜியாவைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியரும் உறவினர்களும் முயன்று, இந்த வாரியத்தின் வழியாகத்தான் 1976இல் அவருக்குக் கௌரவ டிஸ்சார்ஜ் வாங்கினார்கள். தண்டனைத் தீர்ப்பையே நீக்கும் அதிகாரம் வாரியத்துக்கு இல்லை. அதற்கு 1999இல் அதிபர் கிளின்டனின் மன்னிப்பு தேவைப்பட்டது.

வியட்நாம் போர் இந்த இரண்டு கதவுகளையும் உலுக்கியது. அந்தக் காலத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கோர்ட் மார்ஷல் இல்லாமலேயே கெட்ட காகிதத்தோடு வீடு திரும்பினார்கள். அதோடு இன்னொரு கொடுமையும் இருந்தது. டிஸ்சார்ஜ் படிவத்தில் ஒரு சிறு குறியீட்டு எண் இருக்கும். காகிதம் கௌரவமானதாகவே இருந்தாலும், அந்த எண்ணுக்குப் பின்னால் போதை, மனநலம், தன்பாலின ஈர்ப்பு என்று ஏதாவது காரணம் ஒளிந்திருக்கும். வீரருக்கு அதன் பொருள் தெரியாது. வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் பட்டியலைக் கையில் வைத்திருந்தன. 1974இல்தான் வீரர் கையில் தரும் பிரதியிலிருந்து அந்த எண்ணை நீக்கினார்கள்.

1977இல் அதிபர் கார்ட்டர், வியட்நாம் காலத்து டிஸ்சார்ஜ்களைத் தாராளமாக உயர்த்த ஒரு சிறப்புத் திட்டம் கொண்டுவந்தார். காங்கிரஸில் எதிர்ப்புக் கிளம்பியது. மொத்தமாக மாற்றினால் போரில் ஒழுங்காக நின்றவர்களுக்கு என்ன மதிப்பு என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த சட்டம், அந்தத் திட்டத்தில் உயர்வு பெற்றவர்களுக்கும் சலுகை கிடைக்க, பொதுவான அளவுகோலின்படி ஒவ்வொருவரையும் தனித்தனியே மறுபடி பார்க்க வேண்டும் என்றது. பலருக்குக் கொடுத்ததைப் பிடுங்கிய சட்டம் அது. ஆனாலும் அதனால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. மூன்று படைகளுக்கும் எழுத்தில் ஒரே அளவுகோல் பிறந்தது. டிஸ்சார்ஜ் விதிப்படி நடந்ததா என்பது ஒன்று. விதிப்படி நடந்திருந்தாலும் நியாயமாக இருக்கிறதா என்பது மற்றொன்று. இந்த இரண்டில் ஒன்றைக் காட்டினால் போதும். இன்றைக்கும் மனு எழுதுபவர்கள் நிற்கும் தரை இதுதான்.

காட்ட வேண்டியவர் யார் என்பதில்தான் எனக்குத் தாளாத வருத்தம். அரசு செய்தது சரியாகத்தான் இருக்கும் என்ற அனுமானத்தோடு குழு உட்காருகிறது. அது தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பு வீரர் தலையில். எதைக் கொண்டு நிரூபிப்பார்? அவருடைய கோப்பு அரசிடம் இருக்கிறது. அந்தக் கோப்புகள் இருந்த செயின்ட் லூயிஸ் நகரத்து ஆவணக் கட்டடத்தில் 1973 ஜூலை 12 நள்ளிரவில் ஆறாவது மாடி பற்றி எரிந்தது. அணைக்க நான்கு நாட்களுக்கு மேல் ஆனது. 1.6 கோடியிலிருந்து 1.8 கோடி வரை கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை டிஸ்சார்ஜ் ஆன ராணுவத்தினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் போயிற்று. பிரதிகளும் இல்லை. நீலச் சீட்டுக் காலம் முழுவதும் அந்த ஆண்டுகளுக்குள் அடக்கம். தீர விசாரிக்காமல் அனுப்பியதும் அரசுதான், கோப்பைத் தொலைத்ததும் அரசுதான், சான்று கேட்டதும் அரசுதான்.

வியட்நாம் வீரர்களுக்கு வேறு விதமான தடை. குண்டு விழும் இடத்தில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவன் தூங்க முடியாமல் தவித்தான், குடித்தான், முகாமுக்குத் திரும்பாமல் இருந்தான், அதிகாரியோடு மோதினான். ஒழுங்கீனம் என்று எழுதி அனுப்பினார்கள். போர் அதிர்ச்சியால் வரும் பிடிஎஸ்டி என்ற மனநோய் மருத்துவக் கையேட்டில் இடம்பெற்றதே 1980இல்தான். அவனுக்கு என்ன நோய் என்று 1971இல் எந்த மருத்துவரும் எழுதித் தந்திருக்க முடியாது. வாரியமோ அந்தக் காலத்து மருத்துவச் சான்று எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கோன்லி மங்க் என்ற கறுப்பின மரைன் வீரரும் மற்றவர்களும், யேல் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்களின் துணையோடு 2014 மார்ச்சில் வழக்குப் போட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல், பிடிஎஸ்டி உள்ளவர்களின் மனுவைத் தாராள மனத்தோடு பார்க்க வேண்டும் என்று வாரியங்களுக்கு உத்தரவிட்டார். மங்குக்கு 2015இல் டிஸ்சார்ஜ் உயர்ந்தது. 2017இல் வந்த இன்னொரு உத்தரவு, தலைக்காயத்தையும் படைக்குள் நடந்த பாலியல் வன்முறையால் வந்த பாதிப்பையும் இதில் சேர்த்தது. வன்முறைக்கு ஆளானவரின் சொந்த வாக்குமூலமே சான்றாகலாம் என்றும் சொன்னது. 301ஆம் பிரிவு பிறந்ததற்குப் பிறகு நடந்த பெரிய மாற்றம் இதுதான் என்பேன்.

2024 அக்டோபரில் இன்னொன்று நடந்தது. தன்பாலின ஈர்ப்பை வெளியே சொன்னால் பணி போகும் என்ற விதி 2011 வரை இருந்தது. அதில் வெளியேற்றப்பட்டவர்களில் கௌரவ டிஸ்சார்ஜ் கிடைக்காதவர்களின் கோப்புகளைப் பாதுகாப்புத் துறை தானாகவே எடுத்துப் பார்த்து, 800க்கும் மேற்பட்டவர்களுக்கு உயர்த்திவிட்டதாக அறிவித்தது. அவர்கள் மனுப் போடவில்லை. நிரூபிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எழுதியவரே திரும்பிப் படித்துத் திருத்தினார். மனம் இருந்தால் இது முடிகிற காரியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தமிழருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 2009இல் அமெரிக்க ராணுவம், குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களை அவர்களுடைய மொழித் திறமைக்காகச் சேர்க்கும் மாவ்னி என்ற திட்டத்தைத் தொடங்கியது. சேர்த்துக்கொண்ட மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது, மலையாளமும் சிங்களமும் இருந்தன. 2016இல் திட்டம் நின்றது. பின்னணிச் சோதனை முடியவில்லை என்று சொல்லிப் பயிற்சிக்குப் போகக் காத்திருந்தவர்களை ராணுவம் வெளியேற்றத் தொடங்கியது. பலருக்குக் காரணமே சொல்லவில்லை. வழக்குகள் வந்த பிறகு 2018 ஜூலையில் அந்த வெளியேற்றங்களை நிறுத்திவைத்தார்கள். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்து அங்கே படையில் சேரும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது சரியில்லாத டிஸ்சார்ஜ் வந்தால், வீட்டாருக்கு இந்தக் கதை தெரிந்திருப்பது நல்லது.

அவர்களுக்காகச் சில விவரங்கள். இன்றைய டிஸ்சார்ஜ் படிவத்தின் பெயர் டிடி 214. 24ஆம் கட்டத்தில் பணியின் தரமும், 28ஆம் கட்டத்தில் வெளியேற்றிய காரணமும் இருக்கும். கையில் தரும் பிரதிகளில் ஒன்று சுருக்கமானது, அதில் இந்தக் கட்டங்கள் வராது. முழுப் பிரதியைக் கேட்டு வாங்க வேண்டும். தரம் ஐந்து வகை. கௌரவம், பொது, கௌரவம் அல்லாதது என்ற முதல் மூன்றும் நிர்வாகம் கொடுப்பவை. மற்ற இரண்டும் கோர்ட் மார்ஷல் மட்டுமே தரக்கூடியவை. பொது டிஸ்சார்ஜ் வாங்கியவர் நமக்குத்தான் எல்லாம் கிடைக்குமே என்று இருந்துவிடுவார். ஆனால் 1944 போல இல்லாமல், இன்றைய ஜிஐ பில் கல்வி உதவிக்குக் கௌரவ டிஸ்சார்ஜே வேண்டும்.

15 ஆண்டுக்குள் என்றால் மறுபரிசீலனைக் குழுவுக்கு டிடி 293 என்ற படிவம். அதைத் தாண்டிவிட்டாலோ ஜெனரல் கோர்ட் மார்ஷல் தண்டனை என்றாலோ திருத்த வாரியத்துக்கு டிடி 149. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. படிவத்தை நிரப்பும் முன் பணிக் கோப்பையும் மருத்துவக் கோப்பையும் எழுதிக் கேட்டு வாங்கிவிட வேண்டும். அவற்றைப் படிக்காமல் அவசரப்பட்டு அனுப்பிய மனுதான் பெரும்பாலும் தோற்கும். மறுபரிசீலனைக் குழு முதலில் காகிதத்தை மட்டும் பார்த்து மறுத்தாலும், கெடுவுக்குள் நேரில் பேச வாய்ப்புக் கேட்கலாம். கேளுங்கள். ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து தன் கதையைச் சொல்வது வேறு, கோப்பு சொல்வது வேறு. முன்னாள் படைவீரர் சங்கங்களும் சட்டக் கல்லூரிகளின் இலவச உதவி மையங்களும் கூட வந்து வாதாடுகின்றன. பணம் கேட்கும் தரகர்களிடம் போக வேண்டியதில்லை.

விசாரணை இல்லாமல் கொடுத்த கெட்ட காகிதத்துக்கு, அது சரி என்று காட்டும் பொறுப்பு கொடுத்தவருக்கே இருக்க வேண்டும். சட்டம் இன்னும் அங்கே வரவில்லை. வரும்வரை, கையில் இருக்கும் உரிமையை விடாமல் பயன்படுத்துங்கள். வீரர் உயிரோடு இல்லையென்றாலும் வழி அடைபடுவதில்லை. மனைவி, கணவர், பிள்ளைகள், சட்டப்படியான வாரிசு என யார் வேண்டுமானாலும் அவர் சார்பில் இந்தப் படிவங்களில் கையெழுத்திட்டு மனுக் கொடுக்கலாம்.